வக்கீலும் கட்சிக்காரரின் குற்றமும்

குற்றவாளிக்காக வாதாடுகின்ற வக்கீலையும் அவனோடு சேர்த்துக் கூண்டில் ஏற்றினால்தான் என்ன என்று நம் ஒடுகத்தூர்ப் பக்கத்திலும் சிலர் கேட்கின்றனர். மோசடிக்காரருக்காக வழக்காடுவதை அந்நிஸா அத்தியாயத்தின் 105-ஆவது வசனம் தடுக்கிறதே என்று ஆதாரமும் காட்டுகின்றனர்.

அவ்வசனம் இறங்கிய காரணத்தை முஃபஸ்ஸிர்கள் விவரித்துள்ளனர். ஒருவன் ஒரு கவசத்தைத் திருடினான். அவன் செய்ததை அறிந்திருந்தும் அவனுடைய குலத்தார் பழியை ஒரு யூதர் தலையில் போடப் பார்த்தனர். தெரிந்தே பொய்க்குத் துணை போன அச்செயலே தடுக்கப்பட்டது. வழக்காடுவதே குற்றமாயின், ஹளரத் அலீ (ரலி) அவர்கள் தம் வழக்குகளுக்குச் சகோதரர் அகீலையும், பின்னர் அப்துல்லாஹ் இப்னு ஜஃபரையும் வகீலாக நியமித்ததை ஃபிக்ஹு நூல்கள் ஆதாரமாகக் கொண்டிருக்குமா? (வக்கீல், வக்காலத்து என்று நாம் அன்றாடம் சொல்வனவும் அரபுச் சொற்களே.) வகீல் ஓர் அமீன், வரம்பு மீறினாலன்றி நஷ்டத்துக்கு அவர் பொறுப்பாளியல்லர் என்பது ஃபுகஹாக்களின் தீர்ப்பு.

நாவன்மையால் பிறர் ஹக்கைப் பெற்றவனுக்கு அது நெருப்புத் துண்டு என நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை மறுமையைப் பற்றியது. நாவன்மைக்குச் சிறை என்று அதில் இல்லை.

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் இதற்கு அருகில்தான் வந்து நிற்கிறது. சொத்துப் பத்திரம் பார்த்து வங்கிக்குக் கருத்துரை எழுதித் தந்த ஆந்திரத்து வக்கீல் ஒருவரை, வீட்டுக் கடன் மோசடிச் சதியில் சி.பி.ஐ. சேர்த்தது. 21-9-2012-ல் நீதிபதி பி. சதாசிவம் தீர்ப்பளித்தார்: கவனக்குறைவுக்கு நஷ்டஈடும் தொழில் ஒழுங்கு நடவடிக்கையும் உண்டு, சதிகாரரோடு கைகோத்ததற்கு ஆதாரமின்றிக் கிரிமினல் வழக்கு நில்லாது.

2025 ஜூனில், ஒரு கம்பெனிக்குச் சட்டக் கருத்துரை தந்ததன் பேரில் சென்னை மூத்த வக்கீல் அரவிந்த் தாதாருக்கு அமலாக்கத்துறை சம்மன் அனுப்பி, எதிர்ப்பு எழவே திரும்பப் பெற்றது. கட்சிக்காரரின் விவரம் கேட்டு வக்கீலை அழைப்பதாயின் சட்டத்தின் விதிவிலக்கும் மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும் என்று அக்டோபர் 31-ல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. குற்றம் செய்வதற்கென்றே வக்கீலோடு பேசிய பேச்சுக்குப் பாதுகாப்பில்லை. அதுவே சரி. பத்திரம் போலியென்று தெரிந்தே வில்லங்கமில்லை என எழுதியவர் வழக்கைச் சந்திக்கட்டும். அவருக்காகவும் ஒரு வக்கீல் வாதாடத்தான் வேண்டும்.

வக்கீல்களை அச்சுறுத்தினால் செல்வந்தர் எப்படியும் ஒருவரைப் பிடித்துக்கொள்வார். பொய்ப் புகாரில் மாட்டிய டேனரித் தொழிலாளி என்ன செய்வார்? அவருக்கு ஜாமீன் மனு எழுத வேலூர்க் கோர்ட்டில் ஒருவராவது துணிந்து முன்வரவேண்டுமே.