வீட்டினுட் புகுந்தது யாது?

நள்ளிரவில் அந்நியன் ஒருவன் வீட்டினுட் புகுந்தான் என்று கேட்ட மாத்திரத்தில் நம் நெஞ்சம் திடுக்கிடுவதேன்? பொருள் போய்விடுமே என்னும் கவலை மட்டுமன்று. வெளியுலகம் எப்படிக் கெட்டுக் கிடப்பினும், கதவை அடைத்துவிட்டால் உள்ளே நாமும் நம்மவருமே என்னும் நம்பிக்கையின் மீதுதான் குடும்பம் நிற்கின்றது. அந்நம்பிக்கையைத் தகர்ப்பவன் பொருளைத் திருடுபவனினும் கொடியவனாகத் தோன்றுகின்றான். ஈப்போவின் தாமான் வீடுகளில் இரும்புக் கம்பிக் கதவைப் பூட்டாமல் உறங்குவோர் எத்துணைப் பேர்? இவ்வச்சத்தை மூலதனமாகக் கொண்டு சினிமா முதலாளிகள் படம் எடுப்பதை நாம் குறை கூறவில்லை. அச்சமும் ஒரு சுவையே.

தொல்காப்பியனார் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கென்றார். ரப்பர்க் காட்டில் புலிக்கு அஞ்சிக்கொண்டே பால்மரம் சீவிய காலம் நம் பாட்டன்மாரோடு போயிற்று. ஆகவே விலங்கை விட்டுவிடலாம். இறை என்றது அரசனை. அவ்விடத்தில் தோட்டத்துத் துரையையும் கங்காணியையும் வைத்துப் படித்தால் நம்மவர்க்குப் பொருள் இன்னும் தெளிவாக விளங்கும். அவ்வச்சத்தைப் படமாக்குவோர் அரியர். எஞ்சியவை கள்வரும் அணங்குமே.

அவ்விரண்டையும் அஸ்வின் சரவணன் என்னும் ஒரே டைரக்டர் எடுத்தாண்டது நமது ஆராய்ச்சிக்கு நல்ல வாய்ப்பாயிற்று. 2019 ஜூன் மாதத்தில் வெளிவந்த “கேம் ஓவர்” கள்வர் வகையைச் சார்ந்தது. சக்கர நாற்காலியில் முடங்கிய இளம் பெண்ணொருத்தியின் வீட்டில் முகமூடி அணிந்த கொலைஞர் புகுகின்றனர். அவளோ முன்னமே வன்கொடுமைக்கு ஆளாகி, இருளைக் கண்டாலே மூச்சுத் திணறுபவள். இறந்தவளின் சாம்பல் கலந்த பச்சைகுத்து முதலிய நம்பற்கரிய சங்கதிகள் அப்படத்திலும் உண்டு. ஆயினும் புகுந்தவர் மனிதர். உள்ளிருந்தவளின் வேதனை அவளுடையதாகவே இருந்தது. அவளே அதனோடு போராடி எழுந்தாள். ஆதலின் அச்சம் மெய்யாயிருந்தது.

அடுத்து அவர் தந்த “கனெக்ட்” 2022 டிசம்பர் 22ஆம் நாள் வெளிவந்தது. இடைவேளையின்றி 99 நிமிஷம் ஓடும் படம். ஜோசப் என்னும் டாக்டர் கொரோனா நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து அந்நோயாலேயே மாள்கின்றார். ஊரோ அடங்கிக் கிடக்கின்றது. மனைவி சூசனும் மகள் அன்னாவும் அருகிருந்து விடைகொடுக்கவும் வழியின்றி வீட்டில் அடைபடுகின்றனர். தந்தையோடு ஒரு சொல் பேசிவிட வேண்டுமென்னும் தவிப்பினால், இறந்தோரை அழைக்கும் எழுத்துப் பலகையை அச்சிறுமி இணையத்தின் வழியே நாடுகின்றாள். தாய்க்கும் மகளுக்கும் நோய் தொற்றவே, ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறையில் தனித்திருக்க நேர்கின்றது.

இதனினும் சிறந்த களம் அச்சக் கதைக்கு வாய்க்குமா? 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தபின் பேராக்கில் இழவு கண்ட குடும்பங்களைக் கேட்டால் தெரியும். எல்லைக்கு அப்பால் சிங்கப்பூரில் வேலை பார்த்த மகன், இங்கு இறந்த தாயின் முகத்தைக் கைப்பேசியிற் கண்டு அழுதான். பந்தலில்லை, கூட்டமில்லை, கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க ஒருவருமில்லை. கதவுகளெல்லாம் பூட்டியிருந்த அக்காலத்தில், பூட்டைத் திறவாமலே எல்லா வீட்டிலும் ஒன்று புகுந்திருந்தது. அதன் பெயர் துயரம்.

டைரக்டர் அதனைக் கையில் எடுத்தார். எடுத்தவர் பாதிவழியில் கீழே போட்டுவிட்டார். அன்னாவைப் பேய் பிடிக்கின்றது. குரல் மாறுகின்றது, விளக்கு அணைகின்றது, வேறூரிலுள்ள பாதிரியார் ஒருவர் வீடியோ அழைப்பின் வழியே ஜெபம் ஓதி அதனை விரட்டுகின்றார். 1973இல் அமெரிக்காவில் “தி எக்சார்சிஸ்ட்” வெளிவந்தது முதல் அரை நூற்றாண்டாகப் பார்த்துச் சலித்த அதே கட்டில், அதே கூச்சல்! ஒலியமைப்பிலும் இருட்டைக் கையாளும் திறத்திலும் குறைவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம். 2007இல் பெரியார் வேடம் பூண்டு நடித்த சத்யராஜ் அவர்கள், இப்படத்தில் பாதிரியாரின் துணையை நாடும் பாட்டனாராக வருகின்றார். நடிகருக்கு வேடம் வேறு, கொள்கை வேறு என்பது தெரிந்தும் நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தொல்காப்பியனார் அழுகைக்கும் நான்கு களம் கூறி, அவற்றுள் இழவையும் ஒன்றாக வைத்தார். இழவை அழுகைக்கு உரியதாகவும் அணங்கை அச்சத்திற்கு உரியதாகவும் அவர் பிரித்து வைத்ததைப் படம் பண்டமாற்றுச் செய்துவிட்டது. அழ வேண்டிய இடத்தில் அஞ்சச் சொல்கின்றது. ஏமாற்றம் இங்கேதான். இவ்வேமாற்றம் கலைக்குற்றத்தோடு நின்றுவிடாமல் அறத்தையும் தொடுகின்றது. ஒருவரின் துயரத்தைச் சுட்டி, “இஃது உன்னுடையதன்று; வெளியிலிருந்து புகுந்தது” என்று கூற நமக்கு உரிமை உண்டா?

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம்மவர்க்கு இவ்வினா புதிதன்று. பருவமடைந்த பெண்ணொருத்தி திடீரெனத் தலைவிரித்து ஆடினால், பூசாரி வந்தார், உடுக்கு ஒலித்தது, வேப்பிலையும் பிரம்பும் அவள் மேனியில் விழுந்தன; உச்சிமயிரைப் பிடுங்கி மரத்தில் ஆணியடித்துப் பேய் ஓடிற்றென்றனர். பிடித்த பேய் யாரென்று விசாரித்தால், பெரும்பாலும் தூக்கிட்டு மாண்டவள், அல்லது பிள்ளைப்பேற்றில் மாண்டவள். அவளை அக்கயிற்றுக்கு அனுப்பியவர் யாரென்று எவரும் விசாரித்ததில்லை. மேற்கூரை வரை எட்டாத நடுச்சுவரின் ஒருபுறத்து அடியும் அழுகையும் மறுபுறம் கேட்காமலா இருந்தது? கேட்டது. ஆனால் பேய் என்று சொல்லிவிட்டால் வீட்டார் குற்றமற்றவராகின்றனர். கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வந்த அப்பன் குற்றமற்றவனாகின்றான். விருப்பமின்றி நிச்சயித்த கலியாணமும் குற்றமற்றதாகின்றது. புகுந்தது வெளியிலிருந்து அல்லவா!

இதற்கு வலிய மறுப்பு ஒன்றுண்டு. பேய் அப்பெண்ணுக்கு ஒரு கவசம் என்பர் சிலர். வாய் திறக்க உரிமையற்றவள் பேயின் பெயரால் தன் சிற்றப்பனை வைகின்றாள், மாமியாரை நேர்நின்று கேள்வி கேட்கின்றாள், கலியாணம் வேண்டாமென்று கத்துகின்றாள். மறுநாள் அவளை எவரும் கோபிப்பதில்லை. இஃது உண்மையே, இதனை நாம் ஏளனம் செய்யோம். ஒடுக்கப்பட்டவர் கையிற் கிடைத்த கோலை ஊன்றித்தான் எழ வேண்டும். ஆயினும் அக்கவசத்தின் விலையைக் கணக்கிட வேண்டாமா? அவள் உண்மையைப் பேசிய அந்த ஒரே இரவில் பேசியது அவளல்லள் என்றாகிவிடுகின்றது. அவள் சொல் காற்றிற் போகின்றது. பிரம்படி மட்டும் அவள் மேனியில் நிற்கின்றது.

அடியோடு முடியாத இடங்களும் உண்டு. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், பிணி தீருமென்று கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த கொட்டகையில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தீப்பிடித்தது. ஓட இயலாது 28 பேர் மாண்டனர். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை அறவே தடுத்துவிட்டது. நம் நாட்டார் மட்டுமே இவ்வாறு என்றெண்ண வேண்டாம். கல்வியிலும் விஞ்ஞானத்திலும் தலைசிறந்த ஜெர்மனியில் அன்னலீஸ் மிஷல் என்னும் 23 வயது மாணவி, 67 முறை பேயோட்டும் சடங்கிற்கு உட்பட்டு, உணவின்றி மெலிந்து 1976இல் இறந்தாள். பெற்றோரும் இரு பாதிரியார்களும் குற்றவாளிகளென 1978இல் தீர்ப்பாயிற்று. அவர்கள் அவளை வெறுத்தவர்களல்லர். அன்பு மிகுந்தவர்களே, அவள் உடம்பில் குடியிருப்பது அவளல்லள் என்று நம்பிவிட்டனர்.

ஈப்போவுக்கு அண்மையில் தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டு முதல் மனநோய் வைத்தியசாலை நடந்து வருகின்றது. “பாகியா”, அதாவது மகிழ்ச்சி, என்று அதற்கு இன்று பெயர். நம் ஜனங்களோ அவ்வூர்ப் பெயரையே வசைமொழியாக்கி விட்டனர். மகளுக்குப் பேய் பிடித்ததென்று ஊரறியச் சொல்லக் கூசாத தகப்பன், அவளை அங்கே அழைத்துச் சென்றதை ஒளிக்கின்றான். வைத்தியசாலையின் படியேறினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. நோயென்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டு, மேற்கொண்டு செவிகொடாத வைத்தியமும் பூசாரித்தனத்தின் தம்பியே. ஆயினும், “உனக்கு என்ன நேர்ந்தது, அம்மா?” என்று நோயாளியையே கேட்க வேண்டிய கடமை டாக்டருக்கு உண்டு. பூசாரி, “நீ யார்?” என்று பேயைக் கேட்கின்றார்.

“சினிமா வெறும் பொழுதுபோக்கு, அதற்கு இத்தனை விசாரணை எதற்கு?” என்று அன்பர்கள் கேட்கலாம். பொழுதுபோக்கென்றே வைத்துக்கொள்வோம். லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த நம் பிள்ளைகள், உடுக்கைக் கண்டு சிரிக்கின்றவர்கள், அதே உடுக்கு கணினித் திரையின் வழியே ஒலித்தால் வாய்மூடிப் பார்க்கின்றார்கள். ஆங்கிலம் கலந்து பேசுவதனால் மட்டும் அது வேறாகிவிடுமோ? படத்தின் பிற்பகுதியில் அன்னா தன் சொந்தக் குரலிற் பேசும் வேளை மிகக் குறைவு. தாயும் மகளும் ஒரு மூடிய கதவின் இருபுறமும் அமர்ந்து இறந்தவரைப் பற்றிப் பேசி அழும் ஐந்து நிமிஷம் நமக்குப் போதியதாயிருந்திருக்கும். பாதிரியாருக்குக் கொடுத்த நேரத்தில் அதனைக் கொடுத்திருக்கலாம்.