அந்த அம்மா கொடுத்த டீ

தன் வீட்டு நோயாளிக்காகக் கொண்டுவந்த ஃபிளாஸ்கைத் திறந்து, அதன் மூடியில் டீயை ஊற்றி ஊதி ஆற்றி, "குடிம்மா, வெறும் வயித்தோட இருப்ப" என்று நீட்டினார் அந்த அம்மா. வாங்கிக்கொண்ட பெண் புர்கா அணிந்திருந்தாள். புருவம் கிழிந்திருந்தது. அரசு மருத்துவமனை, அவசரப் பிரிவு வாசல், இரவு. உறவினர் ஒருவருக்காக நான் எதிர் பெஞ்சில் காத்திருந்தேன். "அவருதாங்க அடிச்சாரு" என்று அந்தப் பெண் சொன்னது எனக்கும் கேட்டது. அந்த அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். "உங்க ஆளுங்கள்ல இப்படித்தானேம்மா. நீ என்ன பண்ணுவ, பாவம்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடுவதற்காக, எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார்.

"மாடிப்படியில விழுந்துட்டேன் சார்."

அந்த டீதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. வெறுப்பைக் கக்கும் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போடலாம். இவரோ முன்பின் தெரியாத பெண்ணின் பசியை நினைத்தவர். சூடு ஆறட்டும் என்று ஊதிக்கொடுத்தவர். அந்த இரக்கத்தில் பொய் இல்லை. அந்த வாக்கியமும் அதே இரக்கத்திலிருந்துதான் வந்தது.

நான் வளர்ந்த தெருவில் ராத்திரி ஒரு வீட்டில் பாத்திரம் உருளும், பிறகு அழுகை கேட்கும். காலையில் குழாயடியில் காரணங்கள் வரிசையாக வரும். மில்லைப் பூட்டினதிலிருந்து அவனுக்குப் புத்தி சரியில்லை. குடி கெடுத்துவிட்டது. மாமியார்க்காரி ஏற்றிவிட்டிருப்பாள். ஏழரைச் சனி. அடித்த ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் தேடிக் கொடுப்பார்கள். அடுத்த தெருவில் ஒரு ராவுத்தர் வீட்டிலும் இதே சத்தம் கேட்கும். அவரும் அதே மில்லில் வேலை பார்த்தவர்தான், அவர் வயிற்றிலும் அதே பூட்டுதான் விழுந்தது. ஆனால் அவருக்கு மில்லும் கிடையாது, சனியும் கிடையாது. "துலுக்கர் வீடு, அப்படித்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் மனைவியின் முகம் எனக்கு நினைவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் விசாரித்ததும் நினைவில்லை.

பெரிய ஊர்களிலும் இதே குழாயடிதான். 2022 நவம்பரில் தில்லி மெஹ்ரௌலி கொலை வெளியே வந்தது. தன்னோடு வாழ்ந்த பெண்ணைக் கொன்று உடலைத் துண்டு போட்டதாகக் கைதானவனுக்கு முஸ்லிம் பெயர். நாடே அவன் மதத்தைப் பேசியது. மூன்று மாதம் கழித்து, 2023 பிப்ரவரியில், அதே தில்லியில் நஜஃப்கர் பக்கம் ஒரு தாபாவின் ஃபிரிட்ஜில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. கைதானவன் இந்து. அவன் மதத்தை வைத்து விவாத மேடைகள் எழவில்லை. எழக் கூடாதுதான்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) சொல்கிறது: தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான, மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கே முஸ்லிம்கள் நூற்றுக்கு 6 பேர்கூட இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அடி எந்தெந்த வீடுகளில் விழுகிறது என்பது தெரிந்துவிடும்.

மதத்தைக் காட்டிப் பெண்ணை அடக்குவது முஸ்லிம் வீடுகளில் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எழுத்தாளர் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலைப் படித்துப் பல வருடங்கள் ஆகின்றன. கதை பாதி மறந்துவிட்டது. வீட்டுக்குள் பெண்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது மட்டும் காதில் நிற்கிறது. அடக்குமுறையை அவர் மூடி மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொருத்திக்கும் தனி ஆசையும் தனிக் கோபமும் இருந்தன. ஆண்கள் மட்டுமே உட்காரும் ஜமாஅத்தில் வழக்குச் சொல்ல முடியாத பெண்களுக்காகப் புதுக்கோட்டையில் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கியவர் ஷரீபா கானம். 2017-ல் உச்ச நீதிமன்றம் முத்தலாக்கைச் செல்லாது என்றதும் முஸ்லிம் பெண்கள் போய் வழக்காடியதால்தான். அதன்பின் வந்த 2019-ம் ஆண்டுச் சட்டம் முத்தலாக் சொன்னவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது. சொல்லாமல் கொள்ளாமல் மனைவியைக் கைவிட்டுப் போகும் மற்ற மதத்து ஆணுக்கு அப்படியொரு சிறை கிடையாது. போராடியவர்கள் கேட்டது நியாயம். அதைத் தங்கள் ஆண்கள் எல்லோர் மீதும் பழியாகத் திருப்பிக் கொடுத்தால் அவர்கள் எந்தக் கையால் வாங்குவார்கள்?

பெஞ்சில் இருந்தவளுக்கும் இதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். அவள் ஒரே ஒருவனைப் பற்றித்தான் சொன்னாள். "உங்க ஆளுங்க" என்று காதில் விழுந்ததும், அவள் அப்பாவும் தம்பியும் மகனும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிட்டார்கள். அவர்களையெல்லாம் சேர்த்துக் காட்டிக்கொடுக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? மாடிப்படி மேல் பழியைப் போட்டுவிட்டாள்.

ஆனால் இதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் தெருப் பெண்களும் வீங்கிய கன்னத்தோடு "குழாயடியில வழுக்கிட்டேன்" என்றவர்கள்தான். அவர்களிடம் யாரும் "உங்க ஆளுங்க" என்று சொல்லவில்லை. அன்றிரவு திரும்பிப் போக அவளுக்கும் அந்த ஒரு வீடுதான் இருந்திருக்கும். பிள்ளைகள் இருந்திருக்கலாம். போலீஸ் பயம் இருந்திருக்கலாம். இவற்றில் எது அவள் வாயைக் கட்டியது என்பது அவளுக்கே தெளிவாகத் தெரிந்திருக்குமா?

டாக்டரிடம் அவள் மறைத்ததை நான் இங்கே எழுதிவிட்டேன். இதைப் படித்து, "அதான், அவங்க வீட்டுல அப்படித்தான்" என்று யாராவது சொல்லக்கூடும். எழுதாமல் விட்டிருந்தால் அவளை அடித்தவனும் மாடிப்படிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். அவள் பக்கம் நிற்பது இதில் எது என்று எனக்குத் தெரியவில்லை.