பின்னால் வருகிறவனுக்கு

சுவா சூ காங்கில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில் ஓர் அண்ணன் தினமும் சாயங்காலம் உட்கார்ந்திருப்பார். நாகப்பட்டினத்துக்காரர். 1979இல் சரக்குக் கப்பலில் டெக் வேலைக்குச் சேர்ந்து, முப்பது வருஷம் கடலிலேயே கழித்தவர். போன மாதம் ஒருநாள், லிம் சூ காங் அலையாத்திக் காட்டில் குப்பை பொறுக்கிவிட்டு, சேறு காயாத காலோடு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு மணி நேரம் பொறுக்கியிருந்தோம். பாட்டில், செருப்பு, தெர்மாகோல், அறுந்த வலை. எல்லாம் ஜொகூர் நீரிணை கொண்டுவந்து வேருக்குள் சொருகியவை. இந்தக் கரையில் போட்டதா, அந்தக் கரையிலா, ஏதாவது கப்பலிலிருந்தா, சொல்ல முடியாது. அடுத்த ஓதத்தில் மறுபடியும் வந்துவிடும். அந்த எரிச்சலில்தான் கேட்டேன்.

“நடுக்கடல்ல அறுந்த வலை ஒண்ணு மிதந்து வருதுண்ணே. நின்னு எடுப்பீங்களா?”

“எடுக்க மாட்டோம் தம்பி. சொல்லிட்டுப் போவோம்.”

சுருக்கென்றது. சொல்வதற்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது?

ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பாய்மரப் படகில் இரண்டு பேர் மாதக்கணக்கில் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய வலையை இழுத்து மேலே போட அவர்களுக்குத் தெம்பும் இல்லை, இடமும் இல்லை. சுக்கானில் சுற்றினால் படகு முடங்கும். அலையில் குனிந்து எடுக்கப் போய் ஒருவர் விழுந்தால் திரும்பிப் பிடிப்பது கஷ்டம். உயிரைப் பணயம் வைத்து ஊரார் குப்பையை எடு என்று யாரிடமும் கேட்க முடியாது. சோலாஸ் என்கிற கடற்பாதுகாப்பு உடன்படிக்கையும் அப்படிக் கேட்கவில்லை. கப்பலுக்கு ஆபத்தான பொருள் மிதப்பதைப் பார்த்தால், அருகில் இருக்கும் கப்பல்களுக்கும் கரைக்கும் உடனே தெரிவி என்கிறது. ஊர்ப்பாதையில் முள் கிடந்தால் காலால் ஒதுக்கிவிட்டுப் போவோம். ஒதுக்க முடியாத முள்ளாக இருந்தால், பின்னால் வருகிறவரிடம் “பாத்து வாங்க” என்போம். அதே மரியாதைதான்.

சொல்வதற்குப் பலனும் உண்டு. 1997இல் சார்ல்ஸ் மூர் என்ற அமெரிக்கர், ஹவாய்ப் பந்தயம் முடிந்து கலிபோர்னியாவுக்குப் படகில் திரும்பும்போது, நாள்கணக்கில் பிளாஸ்டிக் துண்டுகளுக்கு நடுவே போனார். அப்போது அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1999இல் வலையோடு திரும்பிப் போய் அளந்தார். எடுத்த மாதிரிகளில், விலங்கு மிதவையுயிர்களைவிட பிளாஸ்டிக் ஆறு மடங்கு எடை இருந்தது. உலகம் அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தது. 2017-18இல் இந்தியக் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் தாரிணி படகில் உலகைச் சுற்றியபோது, கடல் மாசைக் கவனித்துத் தெரிவிப்பதும் அவர்கள் வேலைகளில் ஒன்று. 2024-25இல் அதே படகில் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் சுற்றி வந்தார்கள். கரையிலிருந்து மிகத் தொலைவான நெமோ முனை வழியாகப் போனார்கள். மனிதர் யாருமே இல்லாத அந்தப் பக்கத்துத் தண்ணீரிலும் பிளாஸ்டிக் நுண்துகள் இருப்பதை அதற்கு முன்பே ஒரு படகுப் பந்தயக்காரர்கள் மாதிரி எடுத்துக் காட்டியிருந்தார்கள்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லி, “நீங்க சொன்னது சரிதான்” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“அடுத்தவன் வலையைச் சொல்லுவோம் தம்பி. எங்க குப்பைய நாங்க எப்பவாச்சும் சொன்னமா? அப்பல்லாம் ராத்திரில மூட்டையாக் கட்டி அப்படியே தள்ளி விட்டுருவோம். காலைல தண்ணி சுத்தமா இருக்கும்.”

கடலில் பிளாஸ்டிக்கைக் கொட்டவே கூடாது என்ற மார்போல் விதி 1988 கடைசியில்தான் அமலுக்கு வந்தது. அவர் செய்தது அன்று சட்டவிரோதம் கூட இல்லை. ஆனாலும் அந்த மூட்டைகள் அவர் மனசை விட்டுப் போகவில்லை. லிம் சூ காங்கில் நான் இழுத்தெடுத்த வலைக்கு உரிமையாளர் இல்லாமல் போனது இப்படித்தான். பார்த்ததைச் சொல்ல ஆளிருக்கிறது, போட்டதைச் சொல்ல ஆளில்லை.

என் குப்பையும் கடலில்தான் போகிறது. வீட்டுக் குப்பைக் குழாயில் போடுகிறேன், எரியாலையில் எரிகிறது, சாம்பல் துவாஸிலிருந்து படகேறி செமாகாவ் தீவுக்குப் போகிறது. 1999இல் திறந்த அந்த நிரப்புநிலம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள். கொட்டிவிட்டுப் பார்த்தால் என் சமையலறையும் காலையில் சுத்தமாகத்தான் இருக்கிறது.

நீண்ட பயணம் போகிற படகில் அந்த வசதி இல்லை. தின்ற பிஸ்கட்டின் உறை அடுத்த துறைமுகம் வரை காலடியிலேயே கிடக்கும். அடுத்தவர் குப்பையை அறிவிக்கும் யோக்கியதை அந்த உறையைப் பத்திரமாக வைத்திருப்பவருக்குத்தான் வருகிறது என்று தோன்றுகிறது. எனக்கு இன்னும் வரவில்லை. அன்று இரவு மேலே போய், அந்த வாரம் நாங்கள் வீசிய பைகளை எண்ணி ஒரு தாளில் எழுதினேன். பதினான்கு. மறுநாள் தாளை அண்ணனிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “நானும் எழுதிப் பாக்கணும்” என்றார்.