திரையில் தெரியாத முன்கூடம்

துபாயிலோ டொராண்டோவிலோ வாழும் தமிழர்களிடம், வேலை முடிந்து வந்ததும் ஏன் ஊர் சேனலைப் போடுகிறீர்கள் என்று கேட்டால், பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துவிடக் கூடாதே என்பார்கள். அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதற்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனிலேயே பதில் இருக்கிறது.

கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போனார்கள். நெவாடிம், மெசிலாட் சீயோன் போன்ற வேளாண் குடியிருப்புகளில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். அந்த நாட்டில் பொதுமக்களுக்கான தொலைக்காட்சி ஒளிபரப்பே 1968இல்தான் தொடங்கியது. ஊர் சேனல் எதுவும் இல்லாமலே அவர்கள் தங்கள் மலையாளப் பாட்டுகளைக் காப்பாற்றினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பாடிவந்த அந்தப் பாட்டுகள், கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்களாக அவர்களோடு போயின. ஆய்வாளர்கள் ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் அவற்றைத் தொகுத்து, 2005இல் ‘கார்குழலி’ என்ற பெயரில் எபிரேய மொழிபெயர்ப்போடு வெளியிட்டார்கள். மொழி பிழைக்கப் பாடும் வாயும் கேட்கும் காதும் போதும்.

அப்படியானால் திரை வழியே நம் வீட்டுக்குள் வருவது என்ன? அதற்கும் ஜூ டவுனுக்கே போகவேண்டும். 1568இல் கட்டிய பரதேசி சினகாக் என்ற யூதத் தொழுகைக்கூடம் அங்கே இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், சீனாவிலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள் காலடியில் குளிரும். கையால் தீட்டியவை. மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். பார்ப்பவர்கள் சொக்கிப் போவார்கள். ஆனால் இந்தக் கூடத்தில் எல்லா யூதருக்கும் இடம் இருக்கவில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் வழிவந்தவர்கள் முன்கூடத்தோடு நிற்கவேண்டியிருந்தது. அதே வேதம், அதே ஓய்வுநாள், அதே இறைவன். உட்கார மட்டும் இடமில்லை. அந்த வழியில் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) காந்தியின் வழியைக் கையிலெடுத்து, அந்தச் சினகாக்கிலேயே சத்தியாகிரகம் செய்தார். பாகுபாடு உடனே விழவில்லை. படிப்படியாகத்தான் தளர்ந்தது. இன்று அந்தத் தெருவுக்கே அவர் பெயர்.

இன்னொரு வேதனையும் உண்டு. இஸ்ரேலுக்குப் போக விரும்பிய கொச்சி யூதர்களிடம் யானைக்கால் நோய் இருக்கலாம் என்று அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் அஞ்சியதால் அவர்கள் பயணம் தாமதமானது. எருசலேமை நோக்கித் தலைமுறைகளாகத் தொழுதவர்களை அந்த நாடே வாசலில் நிறுத்தியது. ஓரமாக நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்பது அப்போது அந்தச் சமூகம் முழுவதற்கும் தெரிந்தது.

நமக்கும் அது தெரியும். விசா வரிசையில், வாடகைக்கு வீடு தேடும்போது, பெயரைப் பார்த்ததுமே தள்ளப்படும் விண்ணப்பத்தில் தெரியும். அங்கே சமத்துவம் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். அதே நாம் ஊர் சேனலில் வரன் தேடும் நிகழ்ச்சியில் சாதியும் கோத்திரமும் ஒவ்வொன்றாக அறிவிக்கப்படுவதைக் காப்பியோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். நெடுந்தொடரில் பெரிய வீட்டுக் கூடம் வருகிறது, பூசையறை வருகிறது. அந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாக வந்தவர்களின் கதை வருவதில்லை. ஏக்கம் ஊரை இப்படித்தான் கழுவித் துடைத்துக் காட்டும். அதை வேறோர் ஊரில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இழப்பு எதுவுமில்லை, விலை கொடுப்பது ஊரில் இருப்பவர்.

இது வீட்டுக்குள் முடிந்துபோகும் சங்கதியும் அல்ல. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றமும் அப்படியொரு மசோதாவை நிறைவேற்றியது. இருக்கும் சட்டமே போதும் என்று ஆளுநர் நியூசம் அக்டோபரில் அதைத் திருப்பி அனுப்பினார். அந்த மசோதாவுக்காகப் போராடியவர்களும் இந்திய வம்சாவளியினர்தான், கடுமையாக எதிர்த்தவர்களும் இந்திய வம்சாவளியினர்தான். கடல் கடந்தும் சாதி நம்மோடு வந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

டிவியை அணைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பாட்டி தமிழ்ப்பாட்டு கேட்கட்டும், செய்தியும் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் வரன் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது, வாழும் நாட்டுப் பள்ளியில் சமத்துவம் படித்துவிட்டு வந்த பிள்ளை “அம்மா, நாம என்ன சாதி? எதுக்கு அதைச் சொல்றாங்க?” என்று கேட்டால், சேனலை மாற்றாமல் நேராக ஒரு பதில் சொல்ல உங்களால் முடியுமா?