பேயுருவை வேண்டியவள்

உச்சிவேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று எங்கள் ஊர் பூவத்தில் எல்லாப் பிள்ளைகளையும்தான் அதட்டுவார்கள். பையனுக்கு மீசை முளைத்ததும் அந்த அதட்டல் நின்றுவிடும். பெண்ணுக்கு நிற்காது. தலையை விரித்துப் போடாதே, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு இருட்டில் இறங்காதே, பேய் பிடிக்கும். அந்தப் பேயும் பெரும்பாலும் பெண்தான். பிள்ளை பெறும்போது செத்தவள், தூக்குப் போட்டுக்கொண்டவள், கிணற்றில் விழுந்தவள். மலாய் நாட்டுப் பொந்தியானாக்கும் பிரசவத்தோடு மாண்டவள்தான். ஊர் யாரைக் காக்கத் தவறியதோ, அவளைக் கண்டே ஊர் அஞ்சுகிறது.

*

வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி இறந்துபோனால் சாலையோரம் சுமைதாங்கிக்கல் நடுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்துவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், யாரையும் கூப்பிடாமல், சுமையை அதில் இறக்கி வைக்கலாம். வழிப்போக்கரின் பாரம் இறங்க இறங்க அவள் பாரமும் இறங்கும் என்பது நம்பிக்கை. பேய்க்குப் பயந்தவர்கள் செய்தவற்றில் இதைவிடக் கனிவான ஒன்றை நான் அறியேன்.

*

பூவத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் காரைக்கால். வணிகர் வீட்டுப் புனிதவதியின் ஊர். இறைவன் அருளால் அவள் கையில் வந்த மாங்கனி கணவன் பரமதத்தன் கைக்குப் போனதும் மறைந்தது. இவள் மானுடப் பெண் அல்ல என்று நடுங்கிக் கப்பலேறியவன், பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்தான். உறவினர் புனிதவதியை அங்கே கொண்டுபோய் விட்டபோது, குழந்தையோடும் புது மனைவியோடும் அவள் காலில் விழுந்தான். கணவனுக்காகச் சுமந்த தசை இனி எதற்கு என்று அவள் இறைவனிடம் பேயுருவை வேண்டிப் பெற்றாள். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் சொன்ன கதை இது.

காரைக்கால் அம்மையார் என்று பெயர்பெற்ற புனிதவதி பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் அதற்கும் பல நூற்றாண்டு முந்தியவை. அங்கே சுடுகாட்டுப் பெண்பேயை அருகில் நின்று பார்க்கிறார்: வற்றிய முலை, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு, நீண்ட கணைக்கால். அருவருப்பே இல்லை. பதிகத்தின் முடிவில் தம்மையே காரைக்கால் பேய் என்று குறிக்கிறார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலும் எலும்பு துருத்திய அந்த உடல் தாளமிட்டபடி அமர்ந்திருக்கிறது, முகத்தில் சிரிப்பு.

அழகு இருந்தவரை ஒருவன் மனைவி, ஒருவன் மகள். பேயான பிறகு எவன் வீட்டுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண்களை வீட்டுக்குள் வைக்கப் பயன்பட்ட அச்சத்தையே உடலாக உடுத்திக்கொண்டு வெளியே நடந்தவர் அவர். பக்தியைக் குறைத்து இதைச் சொல்லவில்லை; அந்தப் பக்திக்கு இவ்வளவு துணிவு வேண்டியிருந்தது.

*

திருவாலங்காட்டை ஒட்டியே பழையனூர். அங்கே இன்னொரு பேய், நீலி. கணவனால் கொல்லப்பட்டவள். மறுபிறப்பில் வணிகனாக வந்த அவனைத் தொடர்ந்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர் வேளாளரிடம் முறையிட்டாள். அவர்கள் நம்பி, அவன் உயிருக்குத் தங்கள் உயிரே பிணை என்று வாக்களித்து அவனை அவளோடு அனுப்ப, விடிவதற்குள் அவன் பிணமானான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேர் தீக்குளித்தார்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு. எழுபது பேரின் சொல் தவறாமை ஊருக்குப் பெருமையாக நிலைத்தது. நீலிக்கு வஞ்சகி என்ற பெயர் நிலைத்தது. முதலில் விழுந்த கொலை மட்டும் யார் நினைவிலும் இல்லை.

ஆனிப் பௌர்ணமிக்குக் காரைக்காலில் மாங்கனி இறைக்கும்போது அம்மையார் கதையைப் பிள்ளைகளுக்கு முழுதாகச் சொல்கிறோம். நீலி கதையையும் அப்படியே முழுதாகச் சொல்லுங்கள். அவள் கொன்றதிலிருந்து வேண்டாம், அவள் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்குங்கள்.