தப்பியவர்க்குத் தகுதி உண்டா?

சென்னையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில், குரோம்பேட்டையை அடுத்து வரும் நிலையம் தாம்பரம் சானடோரியம். 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளருக்காக அங்கே ஒரு மருத்துவமனையை நிறுவினார். பின்னர் அரசின் பொறுப்புக்கு வந்த அம்மருத்துவமனை, 1993 முதல் எச்.ஐ.வி. தொற்றியோரையும் ஏற்றது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கிய முதல் மையங்களுள் அதுவும் ஒன்று. அந்நிலையத்தில் மருந்துச் சீட்டோடு இறங்குவோரைக் காணும்போது, 'என்ன தவறு செய்தாரோ!' என்று நம் உள்ளம் முணுமுணுப்பதில்லையா? நோய் ஒரு தீர்ப்பா?

இதற்கு விடை தேட ஒரு சுண்டெலி நமக்குத் துணை செய்கிறது.

எச்.ஐ.வி. நுழைவதற்கு உயிரணுவில் ஒரு வாசல் வேண்டும். சிடி4 என்னும் புரதமே அவ்வாசல் என்பது 1984இல் தெரிய வந்தது. இத்தகைய புரதத்தை 'ஏற்பி' என்கிறோம். ஆனால் சிடி4 வைரசுக்காக அமைந்ததன்று. அந்நியக் கிருமியை அடையாளம் காணக் காவல் அணுக்களுக்கு உதவுவதே அதன் பணி. நம்மைக் காக்க அமைந்த வாசல் வழியாகவே பகை புகுகிறது.

இதே மரபணு எலிக்கும் உண்டு. மனிதரில் 12ஆம் குரோமோசோமிலும் எலியில் 6ஆம் குரோமோசோமிலும் அது அமைந்துள்ளது. எழுத்து வரிசையை ஒப்பிட்டும், இரண்டிடத்தும் லேக்3 என்னும் மரபணுவே அருகில் இருப்பதைக் கண்டும், இரண்டும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என அறிஞர் துணிந்தனர். எனினும் வடிவில் வேறுபாடு உண்டு. எலியின் சிடி4ஐ எச்.ஐ.வி. பற்ற இயலாது. 1986இல் மனித சிடி4ஐ எலியின் உயிரணுவில் அமைத்தபோது வைரஸ் ஒட்டியது; உள்ளே புகவில்லை. சிசிஆர்5 போன்ற இரண்டாம் ஏற்பியும் தேவை என்பது 1996இல் தெளிவாயிற்று. சிதைந்த சிசிஆர்5 மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற சிலரிடம், பெரும்பாலான எச்.ஐ.வி. வகைகள் தோற்றுப் போகின்றன.

எலி தப்புவது ஒழுக்கத்தாலன்று. அந்தச் சிலர் தப்புவதும் அறத்தாலன்று. 2019இன் இறுதியில் தோன்றிய கொரோனா வைரசும் தொடக்கத்தில் எலியின் ஏற்பியைச் சரிவரப் பற்றவில்லை. மனித ஏற்பியின் மரபணுவைப் பெற்ற எலிகளோ ஆய்வுக்கூடங்களில் நோயுற்றன. மனிதரின் வாசலைப் பெற்றதும் மனிதரின் நோயும் வந்து சேர்ந்தது! அவ்வாறாயின், நோய்க்கு ஆளாகும் தன்மை நம் இயல்பின் பகுதியேயன்றிப் பாவத்தின் முத்திரையன்று.

நடத்தைக்குப் பொறுப்பே இல்லையா எனச் சிலர் கேட்கலாம். உண்டு, நம் செயல்கள் தொற்றும் வாய்ப்பைக் கூட்டும், குறைக்கும். ஆனால் கணவரிடமிருந்து மனைவிக்கும் தாயிடமிருந்து சேய்க்கும் அதே வாசல் வழியாகவே வைரஸ் செல்கிறது. அது எவருடைய மனச்சான்றையும் படித்துப் பார்ப்பதில்லை.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று வினவினர். ஆண்டவர் அவர்மீதும் அவர் பெற்றோர்மீதும் பழி சுமத்த மறுத்தார்; அவருக்குப் பார்வை அளித்தார். நாமும் அடுத்த முறை அந்த ரயிலில் செல்லும்போது, மருந்துச் சீட்டோடு நிற்பவரிடம் காரணம் தேடாமல், சற்று நகர்ந்து அமர்ந்து இடம் கொடுப்போம்.