நெஞ்சம் வரைந்த கோடு

நெஞ்சு என்னும் தமிழ்ச்சொல் மார்பையும் குறிக்கும். நன்மை தீமை உணரும் மனத்தையும் குறிக்கும். மார்புக்குள் இயங்கும் இதயத்தின் செயலைத் தாளில் வரைந்து காட்டக் கருவி உண்டு. மனத்தின் தன்மையைக் காட்டுவது எது? அக்கருவி பிறந்த வரலாற்றிலேயே இவ்வினாவுக்கு விடை கிடைக்கிறது.

இதயம் தன் துடிப்புக்கு வேண்டிய மின்தூண்டலைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வலப்புற மேலறையில் தோன்றும் தூண்டல் முதலில் மேலறைகளிலும், சற்றுத் தாமதித்துக் கீழறைகளிலும் பரவும். அதன் சிறு பங்கு தோலையும் வந்தடையும். அதன் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்டே. கைவிளக்கில் இடும் ஒரு மின்கலத்தின் அழுத்தத்தில் 1,500இல் ஒரு பங்கு. கை, கால், மார்பு ஆகியவற்றில் மின்வாய்களைப் பொருத்தி அதனைப் பதிவு செய்வதே இ.சி.ஜி. எனப்படும் இதய மின்வரைபடம். மேலறைகளின் தூண்டலை ஒரு சிறு மேடும், கீழறைகளின் தூண்டலை உயர்ந்த முனையும், கீழறைகள் பழைய நிலைக்கு மீள்வதை மற்றொரு மேடும் உணர்த்தும்.

1887இல் இலண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பார், மார்பைத் திறவாமலே மனித இதயத்தின் மின்னோட்டத்தை முதன்முதலாகப் பதிவு செய்தார். அவர் கையாண்ட பாதரச மின்மானி விரைந்து அசையாமையால் கோடு தெளிவுறவில்லை. அக்குறையைத் தீர்த்தவர் வில்லெம் ஐந்தோவன். அவர் நமக்கு அண்மையிலுள்ள சாவகத் தீவின் செமாராங் நகரில் 1860இல் பிறந்த டச்சுக்காரர். லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். வலிய காந்தத்தின் நடுவே வெள்ளி பூசிய மெல்லிய படிக இழையை நிறுத்தி, இதய மின்னோட்டத்தால் அது அசையும்போது அதன் நிழலை ஒளிப்படமாகப் பதித்தார். கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். அதனை இயக்க ஐவர் வேண்டும். 1924ஆம் ஆண்டின் நோபல் பரிசோ ஒருவருக்கே கிடைத்தது.

ஐந்தோவன் அப்பரிசை முழுதும் தமக்குரியதெனக் கருதவில்லை. கருவியை உருவாக்கத் துணைநின்ற வான் டெர் வூர்ட் என்னும் உதவியாளரை நினைத்தார். அவரோ முன்னரே மறைந்துவிட்டார். வறுமையில் வாடிய அவருடைய சகோதரியர் இருவரைத் தேடிச் சென்று, பரிசுத் தொகையில் பாதியை ஐந்தோவன் வழங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

உதவியாளருக்குத்தான் ஊதியம் கொடுத்தாயிற்றே, பிறகு ஏது கடன் என்று சிலர் வினவலாம். ஊதியம் உழைத்த நேரத்துக்கு ஈடாகும். உழைப்பால் விளைந்த பயனுக்கு ஈடாகாது. பயனைத் துய்க்குந்தோறும் கடனும் நிலைத்திருக்கிறது. சட்டம் கேளாத இக்கடனைத் தானே உணர்ந்து தீர்ப்பதே அறம். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்ததும் இது பற்றியே.

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வேரூன்றிய நமக்கு இவ்வுண்மை அயலானதன்று. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தாய் முதல் புக்கிட் ரோத்தான் வரை, காடழித்து இரப்பர் நட்டவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர். பல தோட்டங்கள் கம்பெனிகளின் பெயரால் வழங்கின. பால்மரம் வெட்டியவர் பெயரோ செக்ரோல் புத்தகத்தோடு நின்றுவிட்டது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, அவர்கள் நட்ட மரங்களும் மறைந்தன. அவர்களுடைய உழைப்பின் பயனோ நம் கல்வியாகவும் வாழ்வாகவும் தொடர்கிறது.

ஆதலின், இதய மின்வரைபடத்தை வகுப்பில் விளக்கும் ஆசிரியர், ஐந்தோவனின் பெயரோடு வான் டெர் வூர்ட்டின் பெயரையும் சொல்வாராக. மாணவரும் தம் பாட்டனும் பாட்டியும் எத்தோட்டத்தில், எந்த நிரையில் மரம் வெட்டினர் என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதி வைப்பாராக. இதயத்தின் நலத்தைத் தாளில் தோன்றும் கோடு காட்டும். மனத்தின் நலத்தை நன்றியுணர்வே காட்டும்.